இறையாட்சி (எபிரேயக் கருத்தாக்கம்)

இறையாட்சி என்பது கடவுளே அரசராக இருந்து உலகையும் தம் மக்களையும் ஆள்கிறார் என்னும் விவிலியக் கருத்தாக்கம் ஆகும். இது கடவுளின் ஆட்சி, விண்ணரசு, தேவனுடைய ராஜ்யம், பரலோகராஜ்யம் எனப் பல பெயர்களால் தமிழில் வழங்கப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் முதல் மூன்று நற்செய்தி நூல்களில் இயேசுவின் போதனைக்கு இதுவே மையம். எனினும் இயேசு இச்சொல்லுக்கு எங்கும் வரைவிலக்கணம் தரவில்லை. அவருடைய பேச்சைக் கேட்டவர்கள் எபிரேய மறைநூல்களில் வளர்ந்த யூதர்கள் என்பதால், அச்சொல் அவர்களுக்கு முன்பே அறிமுகமாகி இருந்தது. எனவே நற்செய்தி நூல்களில் இச்சொல்லின் பொருளை அறிய அதன் எபிரேயப் பின்னணியை அறிவது இன்றியமையாதது.

எபிரேயப் புரிதலில் இறையாட்சி என்பது முதன்மையாக ஓர் இடத்தையோ இறப்புக்குப் பின் சென்றடையும் உலகையோ குறிப்பதில்லை. கடவுள் அரசராகச் செயல்படுவதையே அது குறிக்கிறது. அச்செயலின் அடையாளம் நீதி ஆகும்.

சொல்லும் பொருளும்

எபிரேய மொழியில் 'ம-ல-க்' என்னும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து ஆட்சி தொடர்பான சொற்கள் பிறக்கின்றன. 'மெலெக்' என்பது அரசர். 'மாலக்' என்பது 'ஆட்சி செய்தார்' எனப் பொருள்படும் வினை. 'மல்கூத்', 'மம்லாக்கா', 'மெலூக்கா' ஆகியவை ஆட்சி, அரசுரிமை, அரசு ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள். இவற்றுள் மல்கூத் என்பது பண்புப்பெயர் ஆக்கும் 'ஊத்' என்னும் விகுதியைப் பெற்றது. குறிப்பேடு, எஸ்தர், தானியேல் போன்ற பிற்கால நூல்களில் இது மிகுதியாக வருகிறது. இதன் அரமேய வடிவம் 'மல்கூத்தா'. கிரேக்கத்தில் இதற்கு ஈடாக 'பசிலேயா' என்னும் சொல் கையாளப்பட்டது.

மல்கூத் பல இடங்களில் நிலப்பரப்பை அல்ல, ஆளும் காலத்தையும் அதிகாரத்தையும் சுட்டுகிறது. ஓர் அரசருடைய மல்கூத்தின் மூன்றாம் ஆண்டு என்று தானியேல் நூல் (1:1) காலத்தைக் கணக்கிடும்போது, அங்கு எல்லையோ வரைபடமோ கருதப்படவில்லை. அதே வேளையில் எஸ்தர் நூலில் (1:20) இச்சொல் பாரசீக மன்னரின் பரந்த நாட்டைக் குறிக்கிறது. ஆகவே இடப்பொருள் இச்சொல்லுக்கு முற்றிலும் அயலானது என்று கூற இயலாது. ஆனால் கடவுளைப் பற்றிப் பேசும்போது ஆளும் செயலே முன்னிற்கிறது.

'கடவுளின் ஆட்சி' என்னும் தொடர் அதே வடிவில் எபிரேய விவிலியத்தில் காணப்படுவதில்லை. 'ஆண்டவரின் அரசு' என்னும் நெருங்கிய தொடர் 1 குறிப்பேடு 28:5, 2 குறிப்பேடு 13:8 ஆகிய இடங்களில் உள்ளது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் (10:10) என்னும் நூலில் 'கடவுளின் ஆட்சி' என்னும் தொடர் வருகிறது. தொடர் அரிதாயினும் கருத்து பரவலாக உள்ளது. எபிரேய நூல்கள் அதைப் பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்லாலேயே மிகுதியாக வெளிப்படுத்துகின்றன.

மக்களின் பெயர்களிலும் இந்நம்பிக்கை பதிவாகியுள்ளது. ரூத்து நூலில் வரும் எலிமெலேக்கு என்னும் பெயருக்கு 'என் கடவுள் அரசர்' என்பது பொருள்.

பண்டைய அண்மைக் கிழக்கின் பின்னணி

தெய்வத்தை அரசராகக் காண்பது இஸ்ரயேலுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. பாபிலோனியரின் படைப்புக் காப்பியமான எனுமா எலிசில், கடலின் உருவான தியாமத்தை வென்ற பின் மர்துக் தெய்வங்களின் அரசராகிறார். சிரியக் கடற்கரையில் உள்ள உகாரித்தில் 1929 ஆம் ஆண்டு முதல் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில், பாகால் தெய்வம் கடல் தெய்வமான யாமை வென்று அரசுரிமை பெறும் கதை உள்ளது. பொங்கும் வெள்ளத்தின் மேல் அரசராக வீற்றிருக்கும் கடவுளைப் பாடும் திருப்பாடல்கள் 29, 93 ஆகியவை இச்சூழலின் மொழியைக் கையாளுகின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. இஸ்ரயேலின் மரபில் கடவுளின் அரசுரிமை ஒரு வரலாற்று நிகழ்வோடு, அதாவது எகிப்தில் அடிமைகளாக இருந்தோரின் விடுதலையோடு பிணைக்கப்பட்டது.

எபிரேய விவிலியத்தில் இறையாட்சி

விடுதலையும் உடன்படிக்கையும்

விடுதலைப் பயண நூலில் (யாத்திராகமம்) செங்கடலைக் கடந்த மக்கள் பாடும் பாடல், ஆண்டவர் என்றென்றும் ஆட்சி செய்வார் என்னும் கூற்றோடு முடிகிறது (15:18). பார்வோனின் ஆட்சி முடிவுற்ற இடத்தில் கடவுளின் ஆட்சி பாடப்படுகிறது. பின்னர் சீனாய் மலையில் அம்மக்கள் 'குருக்களின் அரசு' (மம்லெகெத் கோகனிம்) ஆவர் என்னும் வாக்குறுதியைப் பெறுகின்றனர் (19:6). அப்போது அவர்களுக்கு நாடு இல்லை. தலைநகரும் படையும் இல்லை. அவர்கள் பாலைநிலத்தில் இருந்தனர். நிலம் இல்லாமலேயே ஒரு மக்களினம் கடவுளின் அரசாக முடியும் என்பது இங்குப் பெறப்படுகிறது.

மனித அரசரைப் பற்றிய ஐயம்

கடவுளே அரசர் எனில் மனித அரசருக்கு இடம் உண்டா என்னும் கேள்வி எபிரேய நூல்களில் தொடர்ந்து எழுகிறது. நீதித் தலைவர்கள் நூலில், மிதியானியரை வென்ற கிதியோனை மக்கள் ஆளும்படி வேண்டுகின்றனர். தாமோ தம் மகனோ ஆளப்போவதில்லை, ஆண்டவரே ஆள்வார் என்று கூறி அவர் மறுக்கிறார் (8:23). ஆனால் அவருடைய மகன் அபிமெலேக்கு தன் சகோதரர் எழுபது பேரைக் கொன்று அரசனாகிறான். 'அபிமெலேக்கு' என்னும் பெயருக்கு 'என் தந்தை அரசர்' என்பது பொருள். அப்போது உயிர்தப்பிய யோத்தாம் ஓர் உவமையைக் கூறுகிறார்: மரங்கள் தமக்கு அரசனைத் தேடின, ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சைக் கொடியும் தத்தம் பயனுள்ள பணியை விட்டுவர மறுத்தன, முட்செடி மட்டுமே இசைந்தது (9:7–15). மன்னராட்சியைப் பற்றி விவிலியத்தில் காணப்படும் மிகக் கூர்மையான அங்கதங்களுள் இது ஒன்று எனலாம்.

1 சாமுவேல் 8 ஆம் அதிகாரத்தில் மூப்பர்கள், மற்ற இனங்களைப் போலத் தமக்கும் ஓர் அரசர் வேண்டும் என்று கேட்கின்றனர். அவர்கள் சாமுவேலை அல்ல, தம்மையே அரசராக வேண்டாம் என்று தள்ளிவிட்டனர் எனக் கடவுள் கூறுகிறார். பின்னர் சாமுவேல் அரசர் செய்யப்போவதைப் பட்டியலிடுகிறார். அரசர் மக்களின் மகன்களைத் தேர்ப்படைக்கு எடுப்பார். மகள்களைச் சமையலுக்கும் அப்பம் சுடவும் எடுப்பார். நல்ல வயல்களையும் தோட்டங்களையும் பறித்துத் தம் அலுவலருக்குக் கொடுப்பார். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்பார். இறுதியில் மக்கள் அடிமைகளாவர். இப்பகுதியில் 'எடுப்பார்' என்னும் வினை திரும்பத் திரும்ப வருகிறது. ஆகாபு மன்னர் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அவருடைய கொலைக்குப் பின் கைப்பற்றிய நிகழ்வு (1 அரசர்கள் 21) இவ்வெச்சரிக்கைக்கு எடுத்துக்காட்டாக அமைகிறது.

தாவீதின் அரியணை

மற்றொரு மரபு மனித அரசரை ஏற்கிறது. 2 சாமுவேல் 7 இல், தாவீதின் மரபு நிலைத்திருக்கும் என்னும் வாக்கு நாத்தான் வழியாகத் தரப்படுகிறது. குறிப்பேட்டு நூல், சாலமோன் 'ஆண்டவரின் அரியணையில்' அமர்ந்தார் என்கிறது (1 குறிப்பேடு 29:23). அதாவது அரியணை கடவுளுக்குரியது. அதில் அமர்பவர் அவருடைய பிரதிநிதி மட்டுமே.

எனவே அவருக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. இணைச் சட்டம் (உபாகமம்) 17:14–20 இன்படி அரசர் குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் பெருக்கிக்கொள்ளக் கூடாது. சட்ட நூலின் படி ஒன்றை எழுதி வைத்து நாள்தோறும் படிக்க வேண்டும். தம் சகோதரரை விடத் தம்மை உயர்ந்தவராகக் கருதக் கூடாது. திருப்பாடல் 72, ஏழைகளுக்கு நீதி வழங்குவதையே நல்ல அரசரின் முதற்பணியாகக் காட்டுகிறது.

திருப்பாடல்கள்

திருப்பாடல்கள் 47, 93, 96–99 ஆகியவை ஆண்டவரின் அரசுரிமையைக் கொண்டாடும் பாடல்கள் ஆகும். 93, 97, 99 ஆகியவை 'யாவே மாலக்' என்னும் முழக்கத்தோடு தொடங்குகின்றன. நார்வே நாட்டு அறிஞர் சிக்முண்டு மோவின்கெல் 1922 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இவை எருசலேமில் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்ட ஓர் அரியணை ஏற்ற விழாவில் பாடப்பட்டவை என்று முன்மொழிந்தார். அவ்விழாவை நேரடியாக விவரிக்கும் பகுதி விவிலியத்தில் இல்லாமையால் இக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. அம்முழக்கத்தை 'ஆண்டவர் ஆள்கிறார்' என மொழிபெயர்ப்பதா, 'ஆண்டவர் அரசராகிவிட்டார்' என மொழிபெயர்ப்பதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்பாடல்களில் கடவுளின் அரியணைக்கு நீதியும் நேர்மையுமே அடித்தளம் (97:2). அவர் நீதி வழங்க வருவதைக் கேட்டு வயல்வெளிகளும் காட்டு மரங்களும் மகிழ்கின்றன (96:12–13). நீதித்தீர்ப்பு இங்கு அச்சத்திற்குரியதாக அல்ல, மகிழ்ச்சிக்குரியதாகக் காட்டப்படுகிறது. வலியோரால் நீதி மறுக்கப்பட்டவருக்கு நேர்மையான நடுவர் ஒருவர் வருவது நற்செய்தியே ஆகும். திருப்பாடல் 146 கடவுளின் அரசச் செயல்களை எண்ணிக் காட்டுகிறது: பசித்தோருக்கு உணவு, சிறைப்பட்டோருக்கு விடுதலை, அயல்நாட்டாருக்கும் அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் பாதுகாப்பு.

திருப்பாடல் 145 இல் 11 முதல் 13 வரையுள்ள மூன்று வசனங்களில் மல்கூத் என்னும் சொல் நான்கு முறை வருகிறது. இது எபிரேய அகரவரிசையில் அமைந்த பாடல். அவ்வசனங்கள் முறையே காஃப், லாமெத், மேம் என்னும் எழுத்துகளில் தொடங்குகின்றன. அவற்றைப் பின்னிருந்து சேர்த்தால் 'ம-ல-க்' என்னும் வேர் கிடைக்கிறது.

இறைவாக்கினர்

உசியா அரசர் இறந்த ஆண்டில், எசாயா கோவிலில் கண்ட காட்சியில் தம் கண்கள் 'அரசரைக்' கண்டதாகக் கூறுகிறார் (6:1–5). கி.மு. 722 அளவில் சமாரியாவும், கி.மு. 587 அல்லது 586 இல் எருசலேமும் வீழ்ந்தன; தாவீதின் அரியணை வெறுமையானது. தன் மக்களைக் காக்க இயலாத கடவுளை அரசர் என்று எவ்வாறு அழைப்பது என்னும் நெருக்கடி எழுந்தது.

இறைவாக்கினர் இந்நம்பிக்கையைக் கைவிடாமல் அதை எதிர்காலம் நோக்கித் திருப்பினர். மந்தையை மேயாமல் தம்மையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களை, அதாவது ஆட்சியாளர்களை நீக்கிவிட்டுக் கடவுள் தாமே ஆடுகளை மேய்ப்பார் என்று எசேக்கியேல் 34 கூறுகிறது. எசாயா 52:7 இல் மலைகளின் மேல் ஓடிவரும் தூதர் ஒருவர், கடவுள் ஆட்சி செய்கிறார் என்னும் நற்செய்தியைச் சீயோனுக்கு அறிவிக்கிறார். நாடுகடத்தலிலிருந்து திரும்பும் மக்களுக்கான செய்தி அது. செக்கரியா 14:9, ஆண்டவர் உலகம் முழுவதற்கும் அரசராவார் எனக் கூறுகிறது. இவ்வாறு, என்றும் நிலைத்திருப்பதாகப் பாடப்பட்ட ஆட்சியே இனி வரவேண்டிய ஆட்சியாகவும் எதிர்பார்க்கப்பட்டது.

தானியேல் நூல்

தானியேல் நூலின் இன்றைய வடிவம், செலூக்கிய மன்னர் நான்காம் அந்தியோக்கு யூத வழிபாட்டைத் தடைசெய்த கி.மு. 167–164 காலப்பகுதியைச் சார்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதன் 2 ஆம் அதிகாரத்தில், பேரரசுகளைக் குறிக்கும் பெருஞ்சிலையை மனிதக் கை படாமல் பெயர்ந்த ஒரு கல் நொறுக்குகிறது. 7 ஆம் அதிகாரத்தில் நான்கு விலங்குகளின் ஆட்சி பறிக்கப்பட்டு, 'மானிட மகனைப்' போன்ற ஒருவரிடம் அழியாத ஆட்சி ஒப்படைக்கப்படுகிறது. அதே ஆட்சி உன்னதரின் புனித மக்களுக்கு வழங்கப்படுவதாக 27 ஆம் வசனம் விளக்குகிறது. பேரரசுகள் விலங்குகளாகவும், கடவுள் தரும் ஆட்சி மனித உருவிலும் காட்டப்படுவது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் கோவில் காலமும் யூத வழிபாடும்

கி.மு. 63 இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றிய பின் எழுதப்பட்ட 'சாலமோனின் சங்கீதங்கள்' என்னும் தொகுப்பின் 17 ஆம் பாடல், கடவுளே அரசர் என்று தொடங்கி, தாவீதின் மகனாகிய அரசரை எதிர்நோக்குகிறது. சாக்கடல் அருகே கும்ரானில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள் ஒன்றான 'ஓய்வுநாள் பலிப் பாடல்கள்', வானதூதரின் வழிபாட்டைக் குறித்துப் பேசுகையில் மல்கூத் என்னும் சொல்லை அடிக்கடி ஆள்கிறது. கி.பி. 6 இல் உரோமையர் நடத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்துக் கலகம் செய்த கலிலேயனான யூதா, கடவுளைத் தவிர வேறு தலைவர் இல்லை என்று போதித்ததாக வரலாற்றாசிரியர் யோசேபு எழுதுகிறார். ஒரே நம்பிக்கை காத்திருப்புக்கும் வழிபாட்டுக்கும் கலகத்துக்கும் ஊற்றாக இருந்ததை இவை காட்டுகின்றன.

தர்கூம் எனப்படும் அரமேய மொழிபெயர்ப்பு, எசாயா 52:7 இல் 'கடவுள் ஆள்கிறார்' என்பதை 'கடவுளின் ஆட்சி வெளிப்பட்டது' என்று மாற்றி எழுதுகிறது. எபிரேய வினை அரமேயத்தில் பெயர்ச்சொல்லாக மாறும் நிலையை இங்குக் காணலாம்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிசுனா, 'செமா' என்னும் அறிக்கையை ஓதுவதை 'விண்ணரசின் நுகத்தை ஏற்றுக்கொள்ளுதல்' என்கிறது. ஆட்சியை நுகமாக ஏற்பது என்பது ஒருவர் எங்கிருந்தாலும் அன்றாடம் செய்யக்கூடிய செயல். உரோமையர் இரபி அக்கீவாவைக் கொடூரமாகக் கொன்றபோது, அது செமா ஓதும் வேளையாக இருந்ததால் அவர் அந்நுகத்தை ஏற்றுக்கொண்டவாறே உயிர்நீத்தார் என்று பாபிலோனியத் தல்மூது கூறுகிறது. கதீசு என்னும் அரமேய இறைவேண்டலும், இறைவனின் பெயர் தூயதாகுக, அவருடைய ஆட்சி நிலைநாட்டப்படுக என்று வேண்டுகிறது. இது இயேசு கற்பித்த இறைவேண்டலின் முதல் இரு மன்றாட்டுகளை ஒத்துள்ளது.

புதிய ஏற்பாட்டில் தொடர்ச்சி

மாற்கு 1:15 இன்படி, இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது என்பதே இயேசுவின் தொடக்க அறிவிப்பு. எசாயா நூலின் தூதரைப் போல அவரும் இதனை 'நற்செய்தி' என்றே அழைக்கிறார். பேய்களை ஓட்டுதல், நோயாளரைக் குணமாக்குதல், பாவிகளோடு உணவருந்துதல் ஆகியவை அவ்வாட்சியின் செயல்களாகக் காட்டப்படுகின்றன (லூக்கா 11:20). திருப்பாடல் 146 இன் பட்டியலோடு இவை ஒப்பிடத்தக்கவை.

மத்தேயு நற்செய்தி 'விண்ணரசு' என்னும் தொடரை 32 முறை கையாளுகிறது. விண்ணகத்தில் உள்ள அரசு என்று இதற்குப் பொருள் கொள்வது பொருந்தாது. மாற்கும் லூக்காவும் 'இறையாட்சி' என எழுதும் அதே கூற்றுகளில் மத்தேயு 'விண்ணரசு' என எழுதுகிறார். கடவுளின் பெயரைச் சொல்லத் தயங்கி 'விண்' என்று குறிப்பிடும் யூத வழக்கம் இது என்பது நெடுங்கால விளக்கம். ஆனால் மத்தேயு சில இடங்களில் 'இறையாட்சி' என்றும் எழுதுவதைச் சுட்டி, ஜொனத்தன் பென்னிங்டன் 2007 இல் இவ்விளக்கத்தை மறுத்தார். மண்ணக அரசுகளுக்கு எதிரான ஆட்சி என்பதை வலியுறுத்தவே 'விண்' என்னும் சொல் ஆளப்பட்டது என்பது அவர் கருத்து. இரு விளக்கங்களிலும் அது கடவுளின் ஆட்சியையே குறிக்கிறது.

லூக்கா 19:12 இல் வரும் உவமை பசிலேயா என்னும் சொல்லின் பொருளை நன்கு விளக்குகிறது. உயர்குடியினர் ஒருவர் பசிலேயாவைப் பெற்றுத் திரும்பி வரத் தொலைநாடு செல்கிறார். அவர் கொண்டுவருவது நிலம் அல்ல, ஆளும் உரிமை. ஏரோது இறந்த பின் கி.மு. 4 இல் அவருடைய மகன் அர்க்கெலா இவ்வாறே அரசுரிமை வேண்டி உரோமை சென்றதும், அவரை எதிர்த்து யூதத் தூதுக்குழு ஒன்றும் அங்குச் சென்றதும் வரலாற்றுச் செய்திகள்.

அதே வேளையில் இறையாட்சிக்கு 'உட்படுதல்', அதன் பந்தியில் அமர்தல் போன்ற இடம் சார்ந்த உருவகங்களும் நற்செய்தி நூல்களில் உள்ளன (மாற்கு 10:23–25, மத்தேயு 8:11). யோவான் 18:36 இல், தமது ஆட்சி இவ்வுலகைச் சார்ந்தது அன்று என இயேசு பிலாத்துவிடம் கூறுகிறார். இக்கூற்று ஆட்சியின் இருப்பிடத்தை விட அதன் தோற்றத்தையும் தன்மையையும் பற்றியது என்பர். தம் காவலர் போரிடவில்லை என்பதையே அவர் சான்றாகக் காட்டுகிறார்.

ஆய்வாளர் கருத்துகள்

செருமானிய அறிஞர் யோகான்னசு வைசு 1892 இல், இயேசு அறிவித்த ஆட்சி படிப்படியாக வளரும் ஒழுக்கச் சமூகம் அன்று, கடவுள் திடீரெனக் கொணரும் இறுதிக்கால நிகழ்வு என்று வாதிட்டார். குஸ்தாப் தால்மன் 1898 இல், மல்கூத் என்பது கடவுளைச் சார்ந்து வரும்போது 'அரசாளுதல்' என்றே பொருள்படும் என யூத நூல்களைக் கொண்டு நிறுவ முயன்றார். சி. எச். டாட் 1935 இல், இயேசுவின் பணியிலேயே அவ்வாட்சி வந்துவிட்டது என்றார். பின்னர் ஜார்ஜ் எல்டன் லாடு போன்றோர் 'ஏற்கெனவே வந்தது, இன்னும் நிறைவுறாதது' என்னும் இணைப்பு நிலையை எடுத்தனர். நிகழ்காலமும் எதிர்காலமும் இணைந்த இந்நிலை திருப்பாடல்களிலும் இறைவாக்கினரிடமும் முன்பே காணப்படுவது குறிப்பிடத்தக்கது. யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் 1932 இல் வெளியிட்ட 'கடவுளின் அரசுரிமை' என்னும் நூல், கிதியோனின் மறுப்பைத் தொன்மையான வரலாற்று நம்பிக்கையின் சான்றாகக் கருதுகிறது.

யூதர்கள் அரசியல் ஆட்சியை எதிர்பார்த்தனர், இயேசுவோ ஆன்மிக ஆட்சியைப் போதித்தார் என்னும் பிரிவினை பரவலாக வழங்குகிறது. மேற்கண்ட சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை. செமா ஓதும் யூதரின் நுகம் உள்ளத்தைச் சார்ந்தது; ஏழைகளுக்கு நற்செய்தி அறிவித்த இயேசுவின் பணி சமூகத்தைச் சார்ந்தது. இரு மரபுகளிலும் இரு கூறுகளும் உள்ளன.

தமிழ் மொழிபெயர்ப்புகளில்

சீர்திருத்த சபையினர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் 'தேவனுடைய ராஜ்யம்', 'பரலோகராஜ்யம்' ஆகிய தொடர்கள் உள்ளன. 1995 இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி', 'விண்ணரசு' ஆகியவற்றை ஆள்கிறது. 'ராஜ்யம்' என்னும் சொல் நாட்டையும் அதன் எல்லையையும் நினைவூட்டுகிறது. 'பரலோகராஜ்யம்' எனும்போது இறந்தபின் சேரும் இடம் என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. 'ஆள்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'ஆட்சி', மாலக்–மல்கூத் உறவுக்கு மிக நெருங்கி அமைகிறது.

லூக்கா 17:21 இல் பழைய மொழிபெயர்ப்பு 'உங்களுக்குள்' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'உங்கள் நடுவே' என்றும் வேறுபடுகின்றன. கிரேக்கச் சொல் இரு பொருளுக்கும் இடமளிக்கிறது. எனினும் அக்கூற்று இயேசுவோடு வாதிட்ட பரிசேயரை நோக்கிச் சொல்லப்பட்டதால், பிந்திய பொருளையே பல ஆய்வாளர்கள் ஏற்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

திருப்பாடல்கள்
தானியேல் நூல்
மலைப்பொழிவு
இயேசுவின் உவமைகள்
செமா